காப்பித் தோட்டத்துக் கொட்டகையில் ஓர் எம்.ஜி.: வாசகர் கேள்வி – பதில்

பழைய வண்டிகளைப் பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடும். இம்முறை சேலத்திலிருந்து வந்திருக்கும் ஒரு கடிதம் அந்த வரிசையில் சேராதது. அதற்கு விரிவாக விடை எழுத வேண்டியிருப்பதால், அதே காரோடும் அதைப் போன்ற கார்களோடும் தொடர்புடைய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற கடிதங்களுக்கு அடுத்த இதழில் விடை வரும்.

கேள்வி: ஐயா, என் தந்தையார் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரைட்டராக இருந்தவர். அந்தத் தோட்டத்துப் பழைய கொட்டகையில், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத ஒரு சிறிய கார் நான் சிறுவனாக இருந்த காலத்திலிருந்தே நின்றுகொண்டிருக்கிறது. ரேடியேட்டரின் முகப்பில் எட்டு மூலைக் கட்டத்துக்குள் ‘எம்.ஜி.’ என்ற எழுத்துகள் இருக்கின்றன. தோட்டத்து அம்மா இப்போது சென்னையில் மகள் வீட்டோடு போய்த் தங்கப் போகிறார். “பழைய இரும்புக்காரர் வந்து கேட்கிறார், அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. நீ சரிசெய்து ஓட்டுவதானால் எடுத்துக்கொள், உன்னால் முடிந்ததைக் கொடு” என்கிறார். டயர்கள் மண்ணோடு ஒட்டிக் கிடக்கின்றன, ஒரு கதவு தொங்குகிறது, என்ஜின் சுற்றவில்லை, இருக்கைக்குள் எலி குடியிருந்திருக்கிறது. நான் லேத் பட்டறை வைத்திருப்பவன். இதை வாங்கலாமா? வாங்கினால் முதலில் என்ன செய்ய வேண்டும்? படங்களை இணைத்திருக்கிறேன்.
– லேத் பட்டறை உரிமையாளர், கொண்டலாம்பட்டி

பதில்: படங்களை நன்றாகப் பார்த்தேன். நீங்கள் பார்த்து வளர்ந்த அந்தக் கார் எம்.ஜி. டி.டி. வகையைச் சேர்ந்தது; எம்.ஜி. என்பது ‘மாரிஸ் கேரேஜஸ்’ என்ற பெயரின் சுருக்கம். இதற்கு முந்தைய டி.சி. வகைக்குச் சைக்கிள் சக்கரத்தைப் போலக் கம்பி பின்னிய 19 அங்குலச் சக்கரங்கள் இருக்கும். உங்கள் படத்தில் இருப்பவை 15 அங்குலத் தகட்டுச் சக்கரங்கள். பிந்தைய டி.எஃப். வகையில் முகப்பு விளக்குகள் மட்கார்டுக்குள் புதைந்திருக்கும். உங்கள் காரில் அவை ரேடியேட்டரின் இரு பக்கமும் தனித்து நிற்கின்றன. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள ஆபிங்டன் தொழிற்சாலையில் 1949 இறுதியிலிருந்து 1953 வரை மொத்தம் 29,664 டி.டி. கார்கள் செய்யப்பட்டு, அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறின. 1250 சி.சி. கொண்ட நான்கு சிலிண்டர் என்ஜின், இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர், 54 குதிரைத்திறன் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்கு அது பெரிதாகத் தோன்றாது. ஆனால் எடை 900 கிலோவை ஒட்டியே இருப்பதாலும், ரேக் அண்டு பினியன் ஸ்டீயரிங் கைக்கு உடனே பணிவதாலும், மலைச் சாலையின் வளைவுகளில் அந்தக் கார் தரும் இன்பம் தனி. இன்று ஷோரூமில் விற்கும் எம்.ஜி. கார்களுக்கும் இதற்கும் பெயரும் சின்னமுமே பொது. ஆகையால் அங்கே போய் உதிரிபாகம் கேட்டு அலைய வேண்டாம்.

வாங்கலாமா என்றால், என் விடை இது: ஆர்.சி. புத்தகம் கிடைத்து, சேஸில், அதாவது அடிச்சட்டகத்தில், பொறித்த எண்ணும் அதனோடு ஒத்திருந்து, பாகங்களில் பெரும்பாலானவை அந்தக் கொட்டகைக்குள்ளேயே இருந்தால், தயங்காமல் வாங்குங்கள். இவற்றில் முதலாவது இல்லையென்றால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் பணம் கொடுக்குமுன் நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடாத என்ஜினை உங்கள் லேத்தில் ஓட வைத்துவிடலாம். இல்லாத பதிவை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது.

பழைய கார் என்றவுடன் எல்லோரும் என்ஜினைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். இந்தக் காரில் அந்தக் கவலையைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். அடியில் ஓர் இரும்புச் சேஸ், அதன்மேல் ஆஷ் மரத்தில் இழைத்த எலும்புக்கூடு, அந்த மரத்தின்மேல் ஆணியாலும் திருகாணியாலும் பொருத்திய மெல்லிய தகடு, இதுதான் இந்தக் காரின் உடற்கட்டு. கதவின் கீல், பூட்டு, தரைப் பலகை, இருக்கை ஆகிய எல்லாமே கடைசியில் அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் தகடு மட்டுமே தெரிவதால், உள்ளே மரம் உளுத்துப் போயிருப்பதை அறியாமல், தகட்டுக்குப் பட்டி போட்டுப் பெயின்ட் அடித்து ஏமாந்தவர்களை நான் அறிவேன்.

கதவு தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. டி.டி.யின் கதவுகளுக்குக் கீல் பின்பக்கம் இருக்கும்; முன்பக்கமாகத் திறக்கும். கதவைப் பாதி திறந்து, அதன் முன்முனையை இரண்டு விரலால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். கீலின் ஆணி மட்டும் ஆடினால் அது உங்கள் பட்டறையில் ஒரு மணி நேர வேலை. கீல் பதிந்திருக்கும் தூணே தகட்டோடு சேர்ந்து அசைந்தால், அந்தத் தூணின் அடிப்பகுதி உளுத்துவிட்டது என்று பொருள். பிறகு காருக்கு அடியில் படுத்து, சேஸின்மேல் நீளவாக்கில் கிடக்கும் இரண்டு மரச் சட்டங்களையும் மெல்லிய திருப்புளியால் சாணுக்கு ஓர் இடமாகக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் திருப்புளியை உள்ளே விடாது. கெட்ட மரம் புட்டைப் போல உதிரும். ஏற்காட்டுப் பனியும் மழையும் எத்தகையவை என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண் தரையுள்ள கொட்டகையில் ஈரம் எப்போதும் கீழிருந்தே ஏறும். ஈரத்தைத் தொடர்ந்து கறையானும் ஏறும். அதனால் அடிச்சட்டங்கள் இரண்டும், கதவுத் தூண்களின் கீழ் அரையடியும் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டே போங்கள். அவை மட்டும் போயிருந்தால் கார் பிழைக்கும். மேற்பகுதி மரங்களும் சேர்ந்து போயிருந்தால், புதிதாக ஓர் உடலையே கட்ட வேண்டும் என்ற தெளிவோடு விலை பேசுங்கள்.

அடுத்தது, பாகங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்பது. படத்தில் ஒரு முகப்பு விளக்கின் வளையம் இல்லை. கண்ணாடிச் சட்டத்தின் ஒரு கை இல்லை. டேஷ்போர்டில் அளவு காட்டும் ஜேகர் நிறுவனக் கடிகைகளில் ஒன்றின் இடம் காலியாக இருக்கிறது. இவை களவு போயிருக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் காலத்தில் யாரோ பழுது பார்க்கக் கழற்றி, கொட்டகையின் பரண்மேலோ, உரச் சாக்குகளுக்குப் பின்னாலோ வைத்து மறந்திருக்கலாம். ஆகையால் காரை நகர்த்துமுன் கொட்டகை முழுவதையும் தேடுங்கள். காருக்கு அடியில் உள்ள மண்ணைச் சல்லடையில் சலித்துவிடுங்கள். நான் இதை மிகையாகச் சொல்லவில்லை. டி.டி.க்கு வேண்டிய பாகங்கள் பல பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன என்பது இந்த வகைக் காருக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆனாலும் விலையோடு கப்பல் கூலியும் சுங்க வரியும் சேரும்போது ஒரு சிறிய விளக்கு வளையம்கூட மனத்தைத் தளரச் செய்யும். காரோடு பிறந்த பழைய பாகத்துக்கு அந்தப் புதியது ஈடாகவும் ஆகாது.

வாங்கியவுடன் பிரித்துப் போட்டுவிடாதீர்கள் என்பதை உங்களிடம் வேண்டுகோளாகவே சொல்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ஒரு திறந்த காரை ஆர்வத்தில் ஒரே வாரத்தில் பிரித்து, குரோமியப் பூச்சுக்காக மூன்று சாக்குப் பாகங்களை ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். ஆறு மாதத்தில் அந்தப் பட்டறை மூடப்பட்டது. இரண்டு சாக்குகளே திரும்பி வந்தன. மூன்றாவது சாக்கில் என்னென்ன இருந்தன என்று எழுதி வைக்காததால், எதைத் தேட வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை. அந்தக் கார் பிறகு வேறொருவர் கைக்குப் போயிற்று. இன்றுவரை அது முழுமையடையவில்லை என்று கேள்விப்படும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. ஆகவே ஒவ்வொரு பகுதியையும் கழற்றுமுன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கழற்றியதைத் துணிப் பையிலிட்டு, எந்த இடத்துப் பாகம் என்று அட்டையில் எழுதிக் கட்டுங்கள். உடைந்த போல்டைக்கூட அதே பையில் போட்டு வையுங்கள். புதியதைக் கடைய உங்களுக்கு அதுதான் மாதிரி.

விலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரும்புக்காரர் எடை போட்டுக் கேட்டிருப்பார். இந்தக் காரின் மதிப்பு, இப்போது இருக்கும் நிலையிலேயே, அந்தத் தொகையைவிடப் பல மடங்கு. அந்த அம்மா உங்கள் தந்தையாரை நினைத்து உங்களுக்குக் கொடுக்க முன்வந்திருக்கிறார். இது என்ன கார், வெளியில் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதை அவரிடமும் அவர் மகளிடமும் சொல்லிவிட்டு, அதன் பிறகு உங்களால் முடிந்ததைக் கூறுங்கள். அப்போதும் அவர்கள் உங்களுக்கே தர விரும்பினால், ஐந்து ஆண்டுகளுக்குள் உங்களால் முடிக்க முடியாமல் போனால் முதலில் அந்தக் குடும்பத்திடமே கேட்டுவிட்டுத்தான் பிறருக்கு விற்பேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இரும்புக்காரருக்குக் கொடுக்க மனம் வராதவர் அந்தத் தாளைப் பணத்தைவிடப் பெரிதாக மதிப்பார் என்றே நினைக்கிறேன்.

இனி, அதைக் கீழே கொண்டுவருவது. ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் இல்லாத காரைக் கயிறு கட்டி இழுத்துவரலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். மேடை வைத்த ரெக்கவரி வண்டியை மேலே வரவழைத்து, நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, சேஸில் பட்டை கட்டி இறக்குங்கள். பம்பரிலோ மரத்தாலான உடற்பகுதியிலோ பட்டை படக்கூடாது. சக்கரங்கள் சுற்றாவிட்டால், ஜாக்கியில் தூக்கி, பிரேக் டிரம்மைச் சுற்றி மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி விடுவியுங்கள், கடப்பாரை வேண்டாம்.

கொண்டலாம்பட்டிக்கு வந்து சேர்ந்ததும் வெயிலில் நிறுத்தி நீர்பாய்ச்சிக் கழுவ வேண்டும் என்று கை பரபரக்கும். அதைச் செய்யவே கூடாது. பல ஆண்டுகள் மலை ஈரத்தில் ஊறிய மரம் சேலத்து வெயிலில் ஒரே மாதத்தில் காய்ந்தால், சுருங்கி, பொருத்து வாய்கள் பிளந்துவிடும். நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், சிமென்ட் தரையின்மேல், நான்கு ஸ்டாண்டுகளில் உயர்த்தி வைத்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடக்கட்டும். எலிக் கூட்டைக் கையுறையும் முகக்கவசமும் அணிந்து அகற்றுங்கள். ஆனால் கிழிந்த இருக்கைத் தோலையும் அடியில் உள்ள கம்பளத் துண்டையும் எறிந்துவிடாதீர்கள். தையல் எத்தனை அங்குல இடைவெளியில் ஓடியது, மூல நிறம் என்ன என்பதற்கு அவைதான் சாட்சி.

கேள்வி: 1950-களில் பதிவான ஒரு கார் என் மாமனார் பெயரிலேயே இருக்கிறது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆர்.சி. புத்தகம் கந்தலாக உள்ளது. ‘விண்டேஜ் எண்’ என்று ஒன்று தருகிறார்களாமே, அதை வாங்கினால் போதுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டி

பதில்: போதுமா என்பது, அந்தக் காரை வைத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மத்திய அரசு 2021-ஆம் ஆண்டில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சேஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் வாகனங்கள் என்று வகுத்தது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாயும், மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம்; பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநில எழுத்துகளை அடுத்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். உங்கள் கார் இந்த இரண்டாம் வகை என்பதால், கந்தலான அந்தப் புத்தகத்தைப் பொன்னைப் போலக் காப்பாற்றுங்கள்.

ஆனால் விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ சாலையில் ஓட்ட விதி இடம் தரவில்லை. கண்காட்சி, விண்டேஜ் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கே அனுமதி. ஞாயிற்றுக்கிழமை தோறும் குடும்பத்தோடு ஏற்காடு ஏரிவரை போய்வர வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், வழக்கமான தனியார் வாகனப் பதிவையே தகுதிச் சோதனையோடு புதுப்பித்துக்கொள்வதுதான் பொருந்தும்.

எந்த வழியில் போனாலும் முதற்படி, பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்தால் வாரிசு 31-ஆம் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மூன்று மாதம் கெடு. நீங்கள் அதைக் கடந்துவிட்டதால் தாமதத்துக்கான தொகையைக் கட்ட நேரும். வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் இசைவும் கையில் இல்லாமல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். புத்தகம் முற்றிலும் சிதைந்திருந்தால் 26-ஆம் படிவத்தில் நகல் கேட்கலாம். இந்த வேலையை, முதல் கடிதம் எழுதிய கொண்டலாம்பட்டி நண்பரைப் போன்றவர்கள் வண்டியை வாங்குமுன், விற்பவரே தம் பெயரில் செய்து முடித்திருப்பது நல்லது. வாங்கிய பின் மூன்றாம் மனிதராக நின்று அடுத்த வீட்டு வாரிசுகளிடம் கையொப்பம் கேட்பது எளிதன்று.

சேஸ் எண்ணைப் பற்றியும் ஒரு சொல். துருவை நீக்குகிறேன் என்று அந்த இடத்தில் கிரைண்டரை வைக்கும் மெக்கானிக்கை உடனே தடுத்து நிறுத்துங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் மென்மையான பிரஷ்ஷும் மட்டுமே போதும். எண் தேய்ந்துவிட்டால், யோக்கியமான வண்டியும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். எம்.ஜி. கார்களைப் பொறுத்தவரை அந்த எண்ணுக்குள் ஓர் அழகான செய்தியும் உண்டு. அக்காலத்து வகைகள் பலவற்றில் முதல் காருக்கு அவர்கள் 1 என்று எண் கொடுக்காமல் 0251 என்று கொடுத்தார்கள்; 251 என்பது ஆபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி எண்.

கேள்வி: ஏற்காட்டில் தச்சு வேலை செய்கிறேன். ஒரு பழைய காரின் மரச் சட்டத்தைப் புதிதாகச் செய்துதரக் கேட்டிருக்கிறார்கள். இங்கே தோட்டங்களில் சில்வர் ஓக் நிறையக் கிடைக்கிறது. அதைப் போடலாமா?
– தச்சர், ஏற்காடு

பதில்: வேண்டாம். பெயரில் ஓக் இருந்தாலும், காப்பிச் செடிக்கு நிழலாக நீங்கள் பார்க்கும் சில்வர் ஓக் உண்மையான ஓக் இனத்தைச் சேர்ந்ததன்று. பெட்டி செய்யவும் ஒட்டுப் பலகைக்கும் அது நல்ல மரம். ஆனால் கதவின் எடையையும் சாலையின் அதிர்ச்சியையும் ஆண்டுக்கணக்கில் தாங்கி, திருகாணியை விடாமல் பிடித்திருக்க அதற்கு வலு போதாது.

மூல காரில் இருப்பது ஆஷ். மேனாட்டில் கோடரிக் காம்பும் ஹாக்கி மட்டையும் செய்யும் மரம் அது. அடி விழுந்தால் வளைந்து கொடுத்துப் பின் நிமிரும் குணம் அதற்கு உண்டு. சேஸ் மேடு பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும்போது மேலிருக்கும் உடலும் சற்றே முறுக்கிக்கொள்ள வேண்டும் என்று கருதித்தான் அதைத் தேர்ந்தார்கள். வெளிநாட்டு ஆஷ் பலகை பெருநகர மர மண்டிகளில் விசாரித்தால் கிடைக்கும். ஒரு சிறிய காருக்கு வேண்டிய அளவு அதிகமில்லை. அது கிடைக்காவிட்டால், நன்றாகப் பதப்பட்ட பழைய தேக்கு இரண்டாவது தேர்வு. தேக்கு உளுக்காது, கறையான் எளிதில் தொடாது. ஆனால் மெல்லிய வளைவுகளில் நார் பிளக்கும் என்பதால் வளைந்த பாகங்களில் நாரின் ஓட்டத்தைப் பார்த்து அறுக்க வேண்டும். இடிக்கப்பட்ட வீடுகளின் உத்திரங்களிலிருந்து கிடைக்கும் தேக்கு, புதிதாக அறுத்த தேக்கைவிட எனக்கு எப்போதும் நம்பிக்கை தருகிறது.

உளுத்த துண்டை அளவெடுக்குமுன் குப்பையில் போடாதீர்கள். பாதி உதிர்ந்ததானாலும் காகிதத்தில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் கழற்றாமல், இடப்பக்கத்தை முடித்துப் பொருத்திய பிறகே வலப்பக்கத்தைத் தொடுங்கள். கதவைத் தொங்கவிட்டுப் பார்க்காமல் எந்தத் தூணுக்கும் கடைசி ஆணியை அடிக்க வேண்டாம்.

கேள்வி: கொண்டலாம்பட்டி நண்பர் என்னை அழைத்துப்போய் அந்த எம்.ஜி. காரைக் காட்டினார். என்ஜின் ஜாம் ஆகியிருக்கிறது. இரண்டாம் கியரில் போட்டு டிராக்டரால் இழுத்தால் விட்டுவிடும் என்கிறார்கள். இன்னொரு சிக்கல்: என்னிடம் உள்ள எந்த ஸ்பேனரும் அந்த என்ஜினுக்குச் சரியாகச் சேரவில்லை. 13 நுழையவில்லை, 14 தளர்கிறது.
– மெக்கானிக், ஆத்தூர்

பதில்: இழுக்கவே கூடாது. துருவால் ஒட்டிய பிஸ்டனை டிராக்டரின் வலுவால் பெயர்த்தால் ரிங்குகள் உடையும், வால்வு வளையும், கனெக்டிங் ராடும் கோணலாகலாம். பிளக்குகள் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மீண்டும் ஊற்றி, மூன்று நான்கு வாரம் காத்திருங்கள். அதற்குள் மேல் மூடியைத் திறந்து ராக்கர்களைத் தளர்த்தி, வால்வுகள் தனியாக அசைகின்றனவா என்று பாருங்கள். சில நேரங்களில் ஒட்டிக்கொண்டிருப்பது பிஸ்டனாக இராது, திறந்தபடி நின்றுவிட்ட ஒரு வால்வாக இருக்கும். பிறகு முன்னால் கைப்பிடியை மாட்டி, முன்னும் பின்னும் ஓர் அங்குல அளவு ஆட்டிப் பாருங்கள். அசைந்த பிறகும் முழுச் சுற்று சுற்ற அவசரப்படாதீர்கள். இந்த என்ஜினின் ஹெட்டில் விரிசல் விடுவது உண்டு என்பதால், எப்படியும் கழற்றிச் சோதித்தாக வேண்டும்.

ஸ்பேனர் சேராததற்கு உங்கள் கையில் குறையில்லை. இது அந்த என்ஜினின் வரலாறு. எம்.ஜி.க்குத் தாய் வீடான பிரிட்டனின் மாரிஸ் நிறுவனம் 1923-இல், கோவென்ட்ரியில் இருந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் என்ஜின் ஆலையை வாங்கியது. அங்கிருந்த இயந்திரங்கள் மெட்ரிக் மரை வெட்டுபவை. அவற்றையெல்லாம் மாற்றாமல், மரையை மெட்ரிக்காகவே வைத்துக்கொண்டு, போல்டின் தலையை மட்டும் பிரிட்டிஷ் மெக்கானிக்குகளிடம் இருந்த, விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனருக்கு ஏற்பச் செய்தார்கள். எம்.ஜி. டி.டி.யின் என்ஜின் அந்த மரபில் வந்தது. கால் அங்குல போல்டுக்கான விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13.3 மில்லிமீட்டர்; அதனால்தான் 13 நுழையவில்லை, 14 தளர்கிறது. 14-ஐ வைத்து முறுக்கி மூலைகளை மழுக்கிவிட வேண்டாம். பழைய கருவிகள் விற்கும் இடங்களில் விட்வொர்த் ஸ்பேனர் இன்றும் கிடைக்கிறது. ஒரு முழுத் தொகுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மரையிலும் ஒரு பொறி இருக்கிறது. இன்று கடையில் விற்கும் 8 மில்லிமீட்டர் போல்டின் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர், இந்த என்ஜினில் 1.0. கடை போல்டை முறுக்கினால் இரண்டு சுற்று ஏறிவிட்டுப் பிறகு உள்மரையை அழித்துவிடும். சேஸுக்குப் போனாலோ மெட்ரிக் முடிந்து பி.எஸ்.எஃப். என்ற பிரிட்டிஷ் நுண்மரை தொடங்கும்; அதன் கோணம் 55 பாகை, மெட்ரிக்குக்கு 60. லேத் வைத்திருக்கும் உங்கள் நண்பருக்கு இந்த மரைகளில் போல்டு கடைவது ஒரு நாள் வேலை. அவரிடம் இந்த இரண்டு அளவுகளையும் எழுதிக் கொடுங்கள். பாட்டரியை இணைக்கும் நாள் வரும்போது, இந்தக் காரில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகும் என்பதை எலெக்ட்ரீசியனிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் 1950-களின் மாரிஸ் மைனர் திறந்த கார் இருக்கிறது. அதற்கு மாருதி என்ஜின் போட்டால் தொல்லையில்லாமல் ஓடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: செய்ய வேண்டாம். விண்டேஜ் என்ற தகுதி போகும். பதிவில் என்ஜின் எண் மாற்றத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். பின்னால் வாங்குபவரும் விலையைக் குறைப்பார். ஒரு காலத்தில் எத்தனையோ நல்ல பிரிட்டிஷ் கார்களில் செலவை மிச்சப்படுத்த டீசல் என்ஜினைத் திணித்தார்கள். கழற்றிய மூல என்ஜின்கள் இரும்புக் கடைக்குப் போய்விட்டதால், இன்று அவற்றை மீட்டெடுக்க விரும்புகிறவர்கள் தவிக்கிறார்கள். உங்கள் காரின் என்ஜின் உங்களிடமே இருக்கிறது, அதைச் சீர்செய்யுங்கள்.

கேள்வி: இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறதே, பழைய கார்புரேட்டர் தாங்குமா?
– கல்லூரி மாணவர், சூரமங்கலம்

பதில்: உலோகப் பாகங்களைவிட ரப்பரும் கார்க்கும்தான் முதலில் கெடும். பெட்ரோல் குழாய்கள், பம்பின் சவ்வு, கார்புரேட்டரின் வளையங்கள் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் கார்புரேட்டர் கிண்ணங்களை வடித்து வைப்பது நல்லது.

கேள்வி: இத்தனையும் செய்து முடித்தால், அந்தக் கார் மறுபடி ஏற்காடு ஏறுமா? என் இளமையில் அதை ஓட்டிப்போகும் துரையை வழியில் நின்று பார்த்திருக்கிறேன்.
– ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், ஏற்காடு

பதில்: ஏறும், ஐயா. நன்றாகவே ஏறும். மலைப்பாதையை அறிந்த உங்களுக்குச் சில செய்திகளை மட்டும் சொன்னால் போதும். அந்தக் காரின் கியர் பெட்டியில் இரண்டு, மூன்று, நான்குக்கு, ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோ உண்டு. முதல் கியருக்குக் கிடையாது. ஆகையால் கொண்டை ஊசி வளைவில் வண்டி தளர்ந்த பிறகு முதல் கியரைத் தேடாமல், வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு வந்து அதிலேயே சுற்றி எடுக்க வேண்டும். முதல் கியர் தேவைப்பட்டால், பழைய பேருந்தில் நீங்கள் செய்த அதே இரட்டைக் கிளட்ச் முறைதான். ரேடியேட்டர் பழையதென்றால் பாதி வழியில் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க வேண்டாம்.

எனக்குக் கவலை இறக்கத்தில்தான். நான்கு சக்கரத்திலும் 9 அங்குல டிரம் பிரேக். நான்குக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே எண்ணெய்ப் பாதை. எங்கேயாவது ஒரு குழாய் கசிந்தால் நான்கும் ஒன்றாகப் போய்விடும். ஆகையால் மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், குழாய்கள் அனைத்தும் புதிதாகி, சமவெளியில் ஒரு மாதமாவது ஓடிய பிறகே அந்தக் காரை மலைக்குக் கொண்டுவரும்படி கொண்டலாம்பட்டி நண்பரிடம் சொல்லுங்கள். முதல் நாள் அவருக்குப் பக்கத்து இருக்கையில் நீங்கள் உட்கார்ந்து வந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வரட்டும். அடிவாரத்தில் நிறுத்தியதும், நான்கு டிரம்முக்கும் அருகே கையைத் தொடாமல் நீட்டிச் சூட்டைப் பாருங்கள். முன்னிரண்டும் ஒரே அளவு, பின்னிரண்டும் ஒரே அளவு சுட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் சிலிண்டர் இன்னும் இறுகியிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் மறுபடி மேலே ஏற வேண்டாம்.